ஆய்வுக்கான மருத்துவப் படங்கள்: கொழும்பிலிருந்து அனுப்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பிலுள்ள வைத்தியசாலைகளிலும் ஆய்வுப் பிரிவுகளிலும் கிளினிக்கல் ட்ரயல் வேலையில் ஈடுபட்டிருக்கும் ஒருங்கிணைப்பாளர்கள், ரேடியோகிராபர்கள், தரவுப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஒரு மருந்து பலன் தருகிறதா என்பதை ஸ்கேன் படங்களை வைத்துத் தீர்மானிக்கும் ஆய்வுகளில், படம் எடுக்கப்படும் அறைக்கும் அது இறுதியாக வாசிக்கப்படும் மேசைக்கும் இடையில் என்ன நடக்க வேண்டும் என்பதே இங்குள்ள எல்லாக் கேள்விகளின் பொருளாகும்.

வழக்கமான ஸ்கேனுக்கும் ஆய்வுக்காக எடுக்கும் ஸ்கேனுக்கும் என்ன வேறுபாடு? இயந்திரம் ஒன்றுதானே?

இயந்திரம் ஒன்றுதான், அதனிடம் கேட்கப்படும் கேள்வி வேறு. சிகிச்சைக்காக எடுக்கும் படத்தில், இந்த நோயாளிக்கு இன்று என்ன செய்ய வேண்டும் என்பதை வைத்தியர் அறிய விரும்புகிறார். ஆய்வில் அதே படம் ஓர் அளவுகருவியாகிவிடுகிறது. இன்றைய படத்தை அதே நபரின் இரண்டு மாதத்துக்குப் பிந்தைய படத்தோடும், அவருடைய முடிவை வேறொரு நாட்டில் வேறொரு இயந்திரத்தில் படமெடுக்கப்பட்டவரின் முடிவோடும் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

திண்மப் புற்றுநோய்க் கட்டிகள் தொடர்பான ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படும் ரெசிஸ்ட் 1.1 என்ற அளவுகோலை எடுத்துக்கொள்வோம். 2009இல் வெளியான இது, மொத்தம் 5 கட்டிகளுக்கு மேற்படாமலும் ஓர் உறுப்பில் 2க்கு மேற்படாமலும் தெரிவுசெய்து, அவற்றின் விட்டங்களைக் கூட்டச் சொல்கிறது. தொடக்க அளவோடு ஒப்பிடும்போது கூட்டுத்தொகை 30 வீதம் குறைந்தால் அது பகுதியளவு பலன். இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவிலிருந்து 20 வீதம் கூடி, அந்த அதிகரிப்பு குறைந்தது 5 மில்லிமீற்றராகவும் இருந்தால் நோய் முன்னேறியதாகக் கொள்ளப்படும். கூட்டுத்தொகை 20 மில்லிமீற்றராக இருந்தவருக்கு 4 மில்லிமீற்றர் கூடினால் 20 வீதம் நிறைவேறினாலும் முன்னேற்றம் என்று எழுத முடியாது. இவ்வளவு சிறிய அளவுகளில் முடிவு தங்கியிருக்கும்போது, முதல் ஸ்கேனை 5 மில்லிமீற்றர் வெட்டுத் தடிப்பிலும் அடுத்ததை 10 மில்லிமீற்றர் வெட்டுத் தடிப்பிலும் எடுத்தாலோ, ஒன்றில் மாறுபடு ஊடகம் (படத்தில் உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் ஊசிமருந்து) செலுத்தி மற்றதில் விட்டுவிட்டாலோ, மாறியது நோயா அல்லது படமெடுத்த முறையா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்காகத்தான் ஒவ்வோர் ஆய்வுக்கும் படமெடுப்புக் கையேடு ஒன்று தரப்படுகிறது. அது ஒருங்கிணைப்பாளரின் அலுமாரியில் இருப்பதால் பயனில்லை. ஸ்கேன் இயந்திரத்தை இயக்கும் மேசையில், இரவுப் பணிக்கு வரும் ரேடியோகிராபரின் கண்ணிலும் படும்படி, ஒரு பக்கச் சுருக்கமாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

பிலிமைத் தொலைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏன் ஏற்க மறுக்கிறார்கள்?

வார்ட்டிலிருந்து நிபுணரிடம் அவசர அபிப்பிராயம் கேட்க அந்த வழக்கம் எப்படியோ வேரூன்றிவிட்டது. அதன் நன்மை தீமைகளை இங்கு பேச வேண்டியதில்லை. ஆய்வுக்கு அது எந்த வகையிலும் உதவாது.

சி.ரி. ஸ்கேனின் ஒரு வெட்டு பொதுவாக 512க்கு 512 புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளிக்கு 2 பைட் என்றால் ஏறத்தாழ அரை மெகாபைட். 400 வெட்டுகள் கொண்ட நெஞ்சு, வயிற்று ஸ்கேன் ஏறத்தாழ 200 மெகாபைட். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றிலும் திசுவின் அடர்த்தியைக் குறிக்கும் எண் இருக்கிறது. புள்ளிகளுக்கிடையிலான தூரம் எத்தனை மில்லிமீற்றர், வெட்டின் தடிப்பு என்ன என்பவையும் கோப்பினுள்ளேயே எழுதப்பட்டிருக்கும். சாதாரண ஜேபெக் படமாக்கும்போது சாம்பல் நிறத்தின் ஆயிரக்கணக்கான படிநிலைகள் 256 ஆகச் சுருங்குகின்றன, தூர அளவும் தொலைந்துவிடுகிறது. எஞ்சுவதைப் பார்க்கலாம், அளக்க முடியாது.

ஆகவே அனுப்ப வேண்டியது இயந்திரம் உருவாக்கிய மூல டைகொம் கோப்புகளே. டைகொம் என்பது மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்புத் தரநிலை. அமெரிக்கக் கதிரியக்கவியலாளர் கல்லூரியும் மின்சாதன உற்பத்தியாளர் சங்கமும் 1985இல் வெளியிட்ட தரநிலையிலிருந்து வளர்ந்து, 1993இல் இந்தப் பெயரைப் பெற்ற டைகொம்மை இன்று ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் இயந்திரங்களும் பேசுகின்றன. இடவசதிக்காகச் சுருக்க வேண்டியிருந்தால், இழப்பற்ற சுருக்கத்தை மட்டுமே பயன்படுத்துக.

ஒரு டைகொம் கோப்பில் நோயாளியின் அடையாளம் எங்கெல்லாம் இருக்கும்?

எல்லோரும் முதலில் பார்ப்பது, கோப்பினுள் படத்தோடு விவரங்களைத் தாங்கும் தலைப்பகுதியிலுள்ள (ஹெடர்) பெயர் (0010,0010), நோயாளி இலக்கம் (0010,0020), பிறந்த திகதி (0010,0030) ஆகிய புலங்களை. அவற்றை எந்த மென்பொருளும் அகற்றிவிடும். சிக்கல் அவற்றுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. பரிசோதனைப் பதிவிலக்கம், அனுப்பிய வைத்தியரின் பெயர், வைத்தியசாலையின் பெயர், இயந்திரத்தை இயக்கியவரின் பெயர் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் புலங்கள் உண்டு. அவசரத்தில் "வார்ட் 12, திருமதி இன்னார், மீண்டும் பார்க்க" என்று யாரோ தட்டெழுதிய குறிப்புப் புலமும் உண்டு. இவற்றோடு, இயந்திர உற்பத்தியாளர்கள் தங்கள் தேவைக்காக வைத்துக்கொள்ளும் தனியார் புலங்களும் இருக்கின்றன. குழு எண், அதாவது அடைப்புக்குறிக்குள் வரும் முதல் எண், ஒற்றையெண்ணாக இருந்தால் அது தனியார் புலம். அதனுள் என்ன இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அந்த நிறுவனமே அறியும்.

தலைப்பகுதியைச் சுத்தம் செய்த பின்னரும் படத்தின் மீதே எழுத்தாகப் பதிந்திருக்கும் பெயர் அப்படியே இருக்கும். அல்ட்ராசவுண்ட், எக்கோ, திரையிலிருந்து எடுத்த பிரதிகள், கதிரளவு அறிக்கைப் பக்கம், ஸ்கேன் செய்து அதே தொகுப்பில் சேர்த்த கோரிக்கைப் படிவம் ஆகியவை இதில் முதலிடம் வகிக்கின்றன. படத்தில் எழுத்துப் பதிந்துள்ளதா என்று சொல்லவென்றே (0028,0301) என்ற புலம் இருந்தாலும், பல இயந்திரங்கள் அதை நிரப்புவதில்லை. நிரப்பியிருந்தாலும் நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு தொடரையும் திறந்து கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோப்புறையின் பெயரையும், சீடியின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

நோயாளியின் தலையை எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் முகமும் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவின்படி, எம்.ஆர்.ஐ.யிலிருந்து மீளுருவாக்கிய முகங்களைச் சாதாரண ஒளிப்படங்களுடன் முக அடையாள மென்பொருள் ஒப்பிட்டபோது, 84 தன்னார்வலர்களில் 70 பேரை அது சரியாக இனங்கண்டது. முகத்தை மறைக்கும் கருவிகள் உண்டு. ஆனால் மூளையின் கன அளவு போன்ற அளவீடுகளை அவை பாதிக்கக்கூடும் என்பதால், ஆய்வு நெறித்தொகுப்பு (புரோட்டகோல்) சொல்லாமல் ஆய்வு நடக்கும் தளத்திலிருப்பவர்கள் தாமாக அதைச் செய்யக் கூடாது.

எங்கள் பதிவில் தேசிய அடையாள அட்டை இலக்கமே நோயாளி இலக்கம். பெயரை மட்டும் எடுத்துவிட்டு இலக்கத்தை விடலாமா?

விடவே கூடாது. அந்த இலக்கம் பெயரைவிடத் துல்லியமான அடையாளம். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அத்துடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 1985620 என்று ஓர் இலக்கம் தொடங்கினால், அவர் 1985ஆம் ஆண்டின் 120ஆம் நாளுக்குரிய பெண் என்று யாரும் சொல்லிவிடலாம். பழைய அட்டையிலும் ஆண்டு இரண்டு இலக்கமாக இருப்பதைத் தவிர முறை அதுவே. பிறந்த திகதிப் புலத்தை அழித்துவிட்டு இந்த இலக்கத்தை விட்டுவைத்தால் எதையும் அழித்ததாகாது. தலைப்பெழுத்துகளையும் தவிர்ப்பது நல்லது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு சேர்ந்த நம் பெயர்ச் சுருக்கம், ஒரு சிறிய ஆய்வுத் தளத்தில் ஆளைக் காட்டிக்கொடுக்கப் போதுமானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரே நோயாளியின் தமிழ்ப் பெயர் அரச வைத்தியசாலையில் ஒரு விதமாகவும், ஸ்கேன் எடுக்கப் போன தனியார் நிலையத்தில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பது நமக்கு அன்றாட அனுபவம். இரண்டும் ஒருவரே என்பதை உறுதிசெய்ய வேண்டிய நேரம், அடையாளம் நீக்குவதற்கு முன்னர்தான். பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு இலக்கம் இட்டபின் வேறொருவரின் ஸ்கேன் உள்ளே போயிருந்தால், தூரத்தில் இருக்கும் வாசிப்பாளருக்கு அது தெரிய வாய்ப்பு மிகக் குறைவு. எனவே ஒருவர் குறியீடு இட, இன்னொருவர் மூலப் பதிவோடு சரிபார்த்து இருவரும் ஒப்பமிடும் முறையைச் சிறிய தளங்களும் கைவிடக் கூடாது.

சந்தேகமே வேண்டாம் என்று தலைப்பகுதி முழுவதையும் அழித்துவிட்டால் என்ன?

அடையாளம் போக வேண்டும், அளவு போகக் கூடாது. இந்த வேலையின் கடினமெல்லாம் அதில்தான் இருக்கிறது. பெட் ஸ்கேனில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஸ்கேனுக்காகச் செலுத்தும் கதிரியக்க மருந்தைக் கட்டி எவ்வளவு உறிஞ்சியது என்பதைக் காட்டும் எஸ்.யு.வி. என்ற எண்ணைக் கணக்கிட, திசுவிலுள்ள கதிரியக்கச் செறிவை, செலுத்திய மருந்தின் அளவை உடல் நிறையால் வகுத்து வரும் ஈவால் வகுக்கிறார்கள். நிறை (0010,1030) தலைப்பகுதியில்தான் இருக்கிறது. செலுத்திய அளவும் செலுத்திய நேரமும் அங்கேயே இருக்கின்றன. அந்த மருந்தில் பெரும்பாலும் பயன்படும் கதிரியக்கத் தனிமமான ஃபுளோரின்-18இன் அரைவாழ்வு ஏறத்தாழ 110 நிமிடங்கள் என்பதால், ஊசி போட்ட நேரத்துக்கும் படமெடுத்த நேரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் சிதைந்த அளவைக் கழித்தே கணக்குப் பார்க்க வேண்டும். மருந்தளக்கும் அறையின் சுவர்க் கடிகாரம் ஸ்கேன் இயந்திரத்தின் கடிகாரத்திலிருந்து 10 நிமிடம் விலகியிருந்தாலே விடையில் 6 வீதம் அளவில் பிழை வரும். நிறையையும் நேரத்தையும் அழித்துவிட்டாலோ, கணக்கே இல்லை. சில பெட் இயந்திரங்கள் இந்தக் கணக்குக்குரிய காரணியைத் தனியார் புலத்தில் வைத்திருப்பதால், தனியார் புலங்கள் அனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு அகற்றுவதும் ஆபத்தானதே.

திகதிகளும் அப்படியே. ஆய்வில் இரண்டு ஸ்கேன்களுக்கு இடையே எத்தனை நாள் என்பது முக்கியமானது. திகதியை மறைக்க வேண்டியிருந்தால், ஒரு நபரின் எல்லாத் திகதிகளையும் ஒரே எண்ணிக்கை நாட்களால் நகர்த்த வேண்டும். படங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் தனித்துவ அடையாள எண்களையும் ஒரே சீராக மாற்ற வேண்டும். ஒரு தொடரில் மாற்றி மற்றதில் விட்டால் ஸ்கேன் துண்டு துண்டாகிவிடும். டைகொம் தரநிலையின் 15ஆம் பகுதி, எதை அகற்றுவது, எதை மாற்றுவது, எந்தத் தேவைக்காக எதை வைத்திருப்பது என்று புலம் புலமாகப் பட்டியலிட்டிருக்கிறது. ஆய்வு தொடங்குமுன் அதிலிருந்து ஒரு தெரிவை எழுத்தில் முடிவுசெய்து, ஒரு மாதிரி ஸ்கேனை அனுப்பி, வாசிக்கும் நிலையத்தில் எஸ்.யு.வி. சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்வது, முதல் நோயாளி வந்தபின் திணறுவதைவிட மேல்.

குறியீட்டு இலக்கம் இட்ட படம் பெயரற்ற தரவாகிவிடுமா?

இல்லை. குறியீட்டையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் உங்கள் தளத்தில் இருக்கும்வரை அது தனிப்பட்ட தரவே. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியும் அவ்வாறே கொள்கிறது. அந்தப் பட்டியல் ஆய்வுக்குத் தேவையானதும்கூட, ஏனெனில் நோயாளியின் பாதுகாப்புக்காக ஒரு நாள் அவரைத் தேடிச் செல்ல வேண்டிவரலாம். பட்டியல் தளத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஆய்வுக்குப் பணம் தரும் நிறுவனம் கேட்டாலும் பிரதி கொடுக்கக் கூடாது.

படங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப இலங்கையில் என்னென்ன அனுமதிகள் தேவை?

ஆய்வுக்கே தேவையானவை முதலில் வருகின்றன: அறநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி, மருந்து சார்ந்த ஆய்வாயின் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி, இலங்கை கிளினிக்கல் ட்ரயல் பதிவேட்டில் பதிவு. படங்கள் எங்கே போகின்றன, யார் வாசிப்பார்கள், எங்கே சேமிக்கப்படும் என்பவை அறநெறிக் குழுவுக்குக் கொடுக்கும் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். பின்னர் சேர்ப்பதானால் திருத்தமாகச் சமர்ப்பிக்க வேண்டும். அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே தரவுப் பரிமாற்ற ஒப்பந்தமும் தேவை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாகக் கருதுகிறது, எல்லை தாண்டிய பரிமாற்றத்துக்கும் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. அது பகுதி பகுதியாக நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட சட்டம். ஆகவே பழைய ஆய்வொன்றின் ஆவணத்தைப் பார்த்து எழுதாமல், அன்றைய நிலையிலுள்ள சட்டவாசகத்தை நிறுவனத்தின் சட்டப் பிரிவோடு சேர்ந்து பார்ப்பதே முறை.

சம்மதப் படிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "உங்கள் விவரம் யாருக்கும் தெரியாது" என்று தமிழிலும் சிங்களத்திலும் வாக்குக் கொடுப்பது உண்மையல்ல. "உங்கள் பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கம் இடப்படும், அந்த இலக்கம் யாருடையது என்பது இந்த வைத்தியசாலையிலுள்ள ஆய்வுக் குழுவுக்கு மட்டும் தெரியும், படங்கள் வெளிநாட்டிலுள்ள நிபுணர்களால் வாசிக்கப்படும்" என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். பிற்கால ஆராய்ச்சிக்கோ செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கோ படங்களைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், அதற்குத் தனிக் கட்டமும் தனி ஒப்பமும் வேண்டும். அதை மறுப்பவர் ஆய்விலிருந்து விலக்கப்படக் கூடாது.

எந்த வழியில் அனுப்புவது பாதுகாப்பானது?

ஆய்வு நிறுவனம் தரும் மறைகுறியாக்கப்பட்ட பதிவேற்றத் தளம் இருந்தால் அதுவே முதல் தெரிவு. கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியேறும் முன்னரே அடையாளம் நீக்கும் வகையிலான தளம் என்றால் இன்னும் நல்லது. சீடியும் பென் டிரைவும் கடைசித் தெரிவு. அனுப்பியே ஆக வேண்டுமென்றால் மறைகுறியாக்கி, கடவுச்சொல்லை வேறு வழியில் அனுப்புக.

அனுப்பிய பின் "சென்றது" என்று திரையில் வந்தால் போதாது. எத்தனை தொடர், எத்தனை படம் என்பதை இரு பக்கமும் ஒப்பிட வேண்டும். 400இல் 387 மட்டும் போய்ச் சேர்ந்து, விடுபட்ட 13இல் ஈரலின் மேற்பகுதி இருந்தால் அந்த வருகையின் அளவீடே பாழ். ஷா-256 போன்ற சரிபார்ப்பு எண் கோப்பு வழியில் மாறவில்லை என்பதை உறுதிப்படுத்தும். மின்சாரமும் இணையமும் ஒரே நேரத்தில் போகக்கூடிய நம் சூழலில், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியுள்ள மென்பொருளைக் கேட்டு வாங்குவது ஆடம்பரமல்ல. படங்களை வாசிக்கும் மையம் எழுத்தில் ஏற்கும்வரை உங்கள் பாக்ஸ் (வைத்தியசாலையின் படங்களைச் சேமித்துவைக்கும் கணினி அமைப்பு) சேமிப்பிலுள்ள மூலப்படத்தைத் தொடவேண்டாம்.

செய்யவே கூடாத ஒன்று, பெறுபவரின் வசதிக்காக பாக்ஸ் சேவையகத்தை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவது. ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் 2019இல் தேடியபோது, எந்தக் கடவுச்சொல்லும் இன்றி உலகமே பார்க்கக்கூடிய நிலையில் நூற்றுக்கணக்கான படச் சேமிப்பகங்கள் பல நாடுகளில் இருந்தன. அவற்றுக்குள் போக ஹேக்கராக இருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

எங்கள் கதிரியக்கவியல் நிபுணர் வாசித்துவிட்டார். மீண்டும் வெளியே ஏன் வாசிக்கிறார்கள்?

நோயாளிக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கிறது, அவர் நன்றாக இருக்கிறாரா என்பவற்றை இங்குள்ளவர் அறிவார். அந்த அறிவு அளவீட்டைத் தெரியாமலே சாய்க்கக்கூடும். எனவே எதுவும் அறியாத இரண்டு வாசிப்பாளர்கள் தனித்தனியே வாசிக்க, முடிவு வேறுபட்டால் மூன்றாமவர் தீர்மானிக்கும் மைய வாசிப்பு முறை பரவலாக உள்ளது. படங்களை முதன்மை முடிவாகக் கொள்ளும் ஆய்வுகளுக்கு எத்தகைய ஒழுங்கு வேண்டும் என்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி விரிவாகச் சொல்கிறது. மைய வாசிப்பு நம்முடையதிலிருந்து வேறுபட்டால் அது யாருடைய திறமை பற்றிய தீர்ப்புமல்ல. ஒரே படத்தில் இருவர் வெவ்வேறு கட்டிகளை அளக்கத் தெரிவுசெய்வதே பல வேறுபாடுகளுக்குக் காரணம்.

மைய வாசிப்பாளர் ஆபத்தான ஒன்றைக் கண்டால் நோயாளிக்கு யார் சொல்வார்கள்?

மைய வாசிப்பு வாரக்கணக்கில் தாமதமாகலாம். அது சிகிச்சைக்கான வாசிப்பு அல்ல. நுரையீரல் நாடியில் இரத்தக் கட்டி, எதிர்பாராத புதிய கட்டி போன்றவற்றைப் பார்க்கும் பொறுப்பு அன்றன்று வாசிக்கும் உள்ளூர் நிபுணரிடமே இருக்கிறது. "வெளியே வாசிப்பார்கள்தானே" என்று உள்ளூர் வாசிப்பைத் தள்ளிப்போடுவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது. மையத்தில் ஏதாவது கண்டால் எத்தனை நாளுக்குள், யார் மூலம் தளத்தின் முதன்மை ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். நோயாளியிடம் பேசுபவர் அவரே.

தவறான நோயாளியின் படத்தையோ, பெயரோடு கூடிய படத்தையோ அனுப்பிவிட்டோம். என்ன செய்வது?

அன்றே முதன்மை ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். பெறுபவரிடம் தொலைபேசியில் "அழித்துவிடுங்கள்" என்று கேட்டு அத்தோடு முடித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் கோப்பைத் தனிமைப்படுத்த வேண்டும், யார் திறந்தார் என்று பார்க்க வேண்டும், அழித்ததை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அறநெறிக் குழுவுக்கும் நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கும் அறிவிக்க வேண்டியதா என்பதைத் தீர்மானிப்பது தரவேற்றியவரின் வேலையல்ல. சரியான படத்தைப் பழைய கோப்பின் மேல் அமைதியாக மாற்றி ஏற்றுவது, செய்த தவறைவிடப் பெரிய தவறு. நடந்ததும் திருத்தியதும் இரண்டும் பதிவில் தெரிய வேண்டும்.

இலவச மென்பொருள்கள் உண்டா?

உண்டு. வட அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்கத்தின் சி.டி.பி. அடையாளம் நீக்குவதற்கும் அனுப்புவதற்கும் ஏற்றது. பெல்ஜியத்தில் உருவான ஓர்த்தாங்க் சிறிய டைகொம் சேவையகமாக எளிதில் இயங்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்நாட் பெரிய ஆய்வுச் சேமிப்பகங்களுக்கு உரியது. மருந்து அங்கீகாரத்துக்கான ஆய்வில் இவற்றைப் பயன்படுத்துவதானால், உங்கள் அமைப்பில் சரியாக இயங்குகின்றன என்பதைச் சோதித்த ஆவணம் தேவை. மென்பொருளின் விலை பூச்சியம் என்பதால் அந்த வேலையும் பூச்சியமாகிவிடாது.

நோயாளி தன் படத்தின் பிரதியைக் கேட்டால் கொடுக்கலாமா?

தாராளமாக. தளத்திலுள்ள மூலப்படத்திலிருந்து, வைத்தியசாலையின் வழக்கமான முறையில் கொடுங்கள்.

ஆய்வு முடிந்தபின் படங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

ஒப்பந்தத்திலும் ஆய்வு நெறித்தொகுப்பிலும் உள்ள காலமே உங்களைக் கட்டுப்படுத்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 536/2014 ஒழுங்குவிதி ஆய்வின் முதன்மை ஆவணக் கோப்பை 25 ஆண்டுகள் வைத்திருக்கக் கோருவதால், அந்தச் சந்தையை நோக்கிய ஆய்வுகளில் நீண்ட காலத்தையே எதிர்பார்க்கலாம். அவ்வளவு காலத்துக்குள் வைத்தியசாலையின் பாக்ஸ் ஒருமுறைக்கு மேல் மாறும். புதிய அமைப்புக்கு மாற்றும்போது பழைய படங்கள் எல்லாவற்றையும் கொண்டுவருவதில்லை என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவு முடிவுசெய்யவும் கூடும். ஆய்வுக்குரிய படங்கள் எவை என்பதை அந்தப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, அவற்றைத் தனியே குறித்து வைக்கச் சொல்லுங்கள். சீடியில் எழுதி அலுமாரியில் பூட்டுவது நமது ஈரப்பதத்தில் நம்பத்தக்க சேமிப்பல்ல. இரண்டு வெவ்வேறு இடங்களில் மறைகுறியாக்கப்பட்ட பிரதிகளை வைத்து, ஆண்டுக்கொரு முறை ஒரு சிலவற்றைத் திறந்து பார்த்து, திறந்த திகதியைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒருங்கிணைப்பாளர் வேலை மாறிச் செல்லும்போது, சாவிகளையும் கடவுச்சொற்களையும் யாரிடம் ஒப்படைத்தார் என்பதும் அதே பதிவேட்டில் இருக்க வேண்டும்.